ஓரத்தில் எழுதவேண்டிய காரணம்

மொட்டைமாடியில் யாரோ தகரத்தை இழுத்துக்கொண்டு போவதுபோல் சத்தம் கேட்டது. கொஞ்ச தூரம் இழுத்து, நின்று, என்னவோ யோசித்து, பிறகு டங்கென்று ஒரே ஒரு அடி. ஜெசிந்தாவின் பேனா நோட்டின் மேல் அப்படியே நின்றுவிட்டது. மணி எட்டே கால்தான். ஊர் முழுக்க விழித்திருக்கிற நேரம், ஆனாலும் இருட்டிய பிறகு வருகிற சத்தத்துக்கு இருட்டின் எடை சேர்ந்துவிடுகிறது. மடியில் ஜோவிட்டா பால் குடித்தபடியே தூங்கியிருந்தாள். எழுபத்து நான்கு நாள் வயதுக்காரிக்குத் தகரம் என்ன, தாலாட்டு என்ன. மறுபடி இழுத்து, நின்று, டங். தொட்டி மூடி, என்று அவளுக்குப் பிடிபட்டது. மேலே தண்ணீர்த் தொட்டியின் மூடியைக் காற்று தள்ளுகிறது. ஆடி பிறந்ததிலிருந்து தூத்துக்குடியில் மேல்காற்று ஓயவில்லை, மூடியைத் தூக்குகிறது, தெருவில் போகிறவன் தொப்பியைத் தூக்குகிறது, உப்பளத்துத் தூசியை மூன்று மாடி ஏற்றிக்கொண்டு வருகிறது. சத்தம் இன்னதென்று தெரிந்தாகிவிட்டது, ஆனால் நெஞ்சு அடிப்பது நிற்கவில்லை. பயம் காரணத்தைக் கைப்பிடித்துக்கொண்டு வருகிறது, போகும்போது மட்டும் காரணத்தைத் தனியாக அனுப்பிவிட்டுத் தான் தங்கிவிடுகிறது. அவள் நிமிர்ந்து பார்க்க விரும்பாத இடத்தைக் கண் தானாகப் பார்த்தது. பால்கனிக் கதவு. மேல் தாழ்ப்பாள் போடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. டெரன்ஸ் மதியம் கம்பெனி வேன் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, சும்மா இழுத்துச் சாத்திவிட்டு ஓடியிருக்கிறான். கட்டிலிலிருந்து அந்தக் கதவுக்கு ஒன்பது காலடி. அவள் எண்ணி வைத்திருந்தாள்.

பதினோரு நாளுக்கு முன்னால், சாயந்தரம், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பால்கனியில் நின்றிருந்தாள். உப்பளம் வெள்ளையாக, தூரத்தில் துறைமுகத்தின் கிரேன்கள் வரிசையாக, அதில் ஒன்றின் உச்சியில் தன் புருஷன் இருப்பான் என்று பிள்ளைக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அந்தா பாரு, அப்பா. இடுப்புயரச் சுவர், அதற்கு மேல் ஒன்றுமில்லை; கிரில் போடுவதாக வீட்டுச் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். அப்போது, பசிக்கிறது என்று தோன்றுவது மாதிரி, விளக்கைப் போட்டோமா என்று தோன்றுவது மாதிரி, சாதாரணமாக ஒன்று தோன்றியது. இப்போது கையை எடுத்தால். அவ்வளவுதான், மூன்றே சொல். ஆசை இல்லை, கோபம் இல்லை, அழுகைகூட இல்லை. கையை எடுத்தால். அவள் உள்ளே ஓடி வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள், பிள்ளையை இறுக்கியதில் பிள்ளை வீறிட்டது. அன்றிலிருந்து பால்கனிக்குப் போகவில்லை. அன்று கொடியில் போட்ட துணி இன்னும் கொடியிலேயே காய்ந்து அப்பளமாகிக் கிடக்கிறது. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டால் என்ன என்று நாளுக்கு நூறு தடவை நினைத்துவிட்டாள். ஆனால் திருடன் மூன்றாம் மாடி பால்கனி வழியாக வரப்போவதில்லை. பூனைகூட வராது. அப்படியானால் யாருக்காகத் தாழ்ப்பாள்? யாரைத் தடுக்க? போட்டுவிட்டால், தடுக்கப்படவேண்டிய ஆள் வீட்டுக்கு உள்ளேதான் இருக்கிறாள் என்று அவளே கையெழுத்துப் போட்ட மாதிரி. அதனால் டெரன்ஸ் போட்டால் போட்டது, போடாவிட்டால் இல்லை. இன்று போடவில்லை.

பார்க்காதே, எழுது. பத்துப் படம். இன்று மூன்றாவது கல்யாண நாள், பத்தரை மணிக்கு டெரன்ஸ் ஷிப்ட் முடிந்து வந்ததும் நோட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த வீட்டில் கல்யாண நாளுக்குக் கேக் இல்லை, லிஸ்ட்தான். பெண் பார்க்க வந்த அன்று பெரியவர்கள் பத்து நிமிஷம் கொடுத்து இருவரையும் மாடி வராந்தாவுக்கு அனுப்பியபோது, மற்ற மாப்பிள்ளைகள் கேட்கிற எதையும் கேட்காமல், ‘ஒங்களுக்குப் புடிச்ச பத்து படம் சொல்லுங்க, வரிசையா’ என்றான். அவள் எட்டுதான் சொன்னாள், அதிலும் ஒன்றுக்குக்கூடப் பெயர் தெரியவில்லை. கான்வென்ட் ஹாஸ்டலில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை படம் போடுவார்கள். தொடக்கத்தில் கதாநாயகி ஆடுகிற பாட்டு இருக்கும் என்று சிஸ்டர் கொர்னேலியா முதல் கால் மணி நேரத்தை ஓட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் பிள்ளைகளை ஹாலுக்குள் விடுவார். பெயரும் அந்தக் கால் மணிக்குள் ஓடிப்போயிருக்கும். நூற்றிருபது பெண்பிள்ளைகள் பெயர் தெரியாத படங்களைப் பார்த்து வளர்ந்தார்கள். அதனால் அவளுக்கு எல்லாம் லாரிப் படம், பேங்க் படம், மூக்குத்திக்காரி படம். டெரன்ஸ் அன்று சிரித்த சிரிப்பில் கீழே பெரியவர்கள் சம்மதம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு சட்டங்கள் சேர்ந்தன. பத்துதான், பதினொன்று கூடாது. இரண்டு படத்துக்கு ஒரே இடம் கிடையாது. அடுத்தவர் லிஸ்டைக் கேலி செய்வது சாப்பிட்டு முடித்த பிறகுதான். எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம்: போன வருஷம் இருந்த படத்தை இந்த வருஷம் எடுத்தால், இடது ஓரத்தில், கோட்டுக்கு அந்தப் பக்கம், காரணம் எழுத வேண்டும். உண்மையான காரணம். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது அவள்தான். கான்வென்ட்டுக்காரிக்கு ஓரம் என்றால் உயிர்.

இரண்டிலிருந்து பத்து வரை எழுதிவிட்டாள். ஒன்று என்று எண் போட்டு, புள்ளி வைத்து, பக்கத்தில் வெறும் கோடு. மூன்று வருஷமாக அந்த இடத்தில் இருந்தது மாடிப் படம். கறுப்பு வெள்ளை. ஒருத்தியின் புருஷன் ஜெயிலில் இருக்கிறான், அவள் ஒரு மொட்டைமாடி அறையில் வாடகைக்கு இருக்கிறாள், சாயந்தரமானால் பிள்ளையைத் தூக்கிவந்து கைப்பிடிச் சுவரில் உட்கார வைத்து ரயில் காட்டுவாள். ஒரு கை பிள்ளையின் வயிற்றைச் சுற்றி, இன்னொரு கை ரயிலை நோக்கி. பாட்டு இல்லை, வசனம் இல்லை, ரயில் போய் முடிகிறவரை அந்தக் கை அப்படியே இருக்கும், காமிரா கையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். பதின்மூன்று வயதில் ஹால் தரையில் சப்பணமிட்டு அதைப் பார்த்தபோது ஜெசிந்தாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒருவர் இன்னொருவரை இப்படிப் பிடித்துக்கொள்ள முடியுமா என்று. எனக்குப் பிள்ளை பிறந்தால் நானும், என்று அன்று ராத்திரி போர்வைக்குள் நினைத்துக்கொண்டாள். இப்போது கண்ணை மூடினால் அதே மாடி, அதே சுவர், அதே கை. ரயில் வருகிறது. படத்தில் கை விடுவதில்லை, அவளுக்கு அது நன்றாகத் தெரியும், இருபது தடவை சொல்லிக்கொள்கிறாள், விடுவதில்லை விடுவதில்லை. ஆனால் அவள் தலைக்குள் ஓடுகிற படத்தில் ரயில் பாதி போவதற்குள் விரல்கள் ஒவ்வொன்றாக. போதும். பேனாவின் மூடியைப் பல்லால் கடித்தாள். பிள்ளையின் உச்சந்தலை மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது, அங்கே எலும்பு இன்னும் கூடவில்லை என்று டாக்டரம்மா சொன்னார், தானாகக் கூடிவிடும் என்றும் சொன்னார்.

வேறு படத்தை மேலே ஏற்று. இரண்டாவதாக இருக்கிற லாரிப் படம். வெங்காய லோடு ஏற்றிக்கொண்டு இரண்டு பேர் போகிறார்கள், வழி தவறுகிறார்கள், கல்யாண மண்டபத்துக்குள்ளேயே லாரியை விட்டுவிடுகிறார்கள், சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். அதை ஒன்றாம் இடத்தில் வைத்தால் யாருக்கு என்ன. ஆனால் கடைசியில், ஆமாம், கடைசியில் டிரைவர் தன் பிள்ளையை லாரி மேலிருந்து கிளீனரிடம் தூக்கிப் போடுவான், அவன் பிடிப்பான், எல்லோரும் கைதட்டுவார்கள். வேண்டாம். பேங்க் படம்? திருட வந்தவனை வேலைக்கு வந்தவன் என்று நினைத்து மேசை கொடுத்து உட்கார வைத்துவிடுகிறார்கள். பிள்ளையே இல்லாத படம். இல்லை, மானேஜர் வீட்டுத் தொட்டில் சீன். மூக்குத்திக்காரி படத்தில் கதாநாயகன் ஊருக்குத் திரும்பி வந்ததும் முதல் வேலையாக மகனை ஆகாயத்துக்குத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறான். தமிழ்ப்படத்தில் சந்தோஷம் வந்தால் பிள்ளையைத் தூக்கித்தான் போடுவார்கள் போலிருக்கிறது. இத்தனை வருஷம் கண்ணில் படாதது இப்போது ஒவ்வொரு படத்திலும் எழும்பி நிற்கிறது, எத்தனை பிள்ளைகள் எத்தனை உயரத்தில், யாருமே பயப்படாமல். ஒன்பதாம் இடத்தில் பேய்ப் படம். அது ஒன்றுதான் பாக்கி. சுவரில் நடக்கிற பேய், கூந்தல் பேய், காலில்லாத பேய். ஹாஸ்டலில் விரலிடுக்கு வழியாகப் பார்த்த படம், இப்போது நினைத்தால் அது ஒன்றுதான் நிம்மதியாக இருக்கிறது. பேய் வெளியே இருக்கிறது. கதவைச் சாத்தினால் போதும்.

சிஸ்டர் கொர்னேலியா பாவங்களையும் வரிசைப்படுத்தச் சொல்லித் தந்தவர். மாதத்தின் முதல் வெள்ளியன்று சாமியாரிடம் பாவங்களைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு முந்தின நாள் ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம். மேலே சாவான பாவம், கீழே அற்பப் பாவம். நினைவால் செய்தது, சொல்லால் செய்தது, செயலால் செய்தது என்று பிரித்து எழுத வேண்டும். ‘நெனச்சாலே பாதி செஞ்சாச்சு, பிள்ளைகளா’ என்பார், சாக்பீஸ் தூசியைத் தட்டிக்கொண்டே, கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவர் அப்படித்தான் நம்பினார். ஜெசிந்தாவின் துண்டில் ‘நினைவால்’ என்ற தலைப்பின் கீழ்தான் எப்போதும் கூட்டம். லலிதாவின் புது ஜியாமெட்ரி பாக்ஸ் தொலைய வேண்டும் என்று நினைத்தேன். பூசையில் பசியை நினைத்தேன். பாதி செஞ்சாச்சு. அப்படியானால் இதில் பாதி? ஒரு பிள்ளையைப் பாதி கீழே. அவள் குனிந்து பிள்ளையின் நெற்றியை முகர்ந்தாள். பால் வாசனை, வசம்பு வாசனை, ஈரத் துணி வாசனை. ஈரத் துணி வாசனை வீடு முழுக்க இருந்தது, ஏனென்றால் பதினோரு நாளாகப் பிள்ளைத் துணியெல்லாம் நாற்காலி முதுகில்தான் காய்கிறது.

காலிங் பெல் அடித்தபோது அவள் துள்ளியதில் நோட்டு கீழே விழுந்தது. எதிர்வீட்டுச் சண்முகக்கனியக்கா, கையில் மூடி போட்ட கிண்ணம். ‘பூண்டுக் கொழம்பு வச்சேன். பால் ஊறும், குடி’ என்று உள்ளே வந்தவள் நின்று சுற்றிப் பார்த்தாள். ‘இதென்னம்மா, வீடா துணிக்கடையா? அந்தா அம்புட்டுப் பெரிய பால்கனி காத்து அடிச்சுக் கெடக்கு, நாற்காலில கொண்டு போயி வெரிச்சுப் போட்டிருக்க. கான்வென்ட்ல துணி காயப்போடச் சொல்லித் தரலயோ?’ தூசி அக்கா, உப்புத் தூசி, பிள்ளைக்கு ஆகாது, என்றாள் ஜெசிந்தா. ‘ஆமா, நாங்க நாலு பெத்தது அமெரிக்காவுல. அதுக உப்பத் தின்னு வளரல பாரு.’ சொல்லிக்கொண்டே கனியக்கா பால்கனிப் பக்கம் நடந்தாள், கதவைத் திறந்துவிட, காற்று வரட்டும் என்று, நல்லெண்ணத்தோடு, கையை நீட்டிக்கொண்டு. ‘தெறக்காதீங்க’ என்றாள் ஜெசிந்தா. தன் குரல் என்று அவளுக்கே தெரியவில்லை. கனியக்கா கையை இழுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள். ‘சரி சரி, நான் ஒன்னுந் தொடல. மொகம் என்ன இப்படி வெளிறிக் கெடக்கு? தூங்குறியா இல்லியா?’ தூங்குறேன் அக்கா. ‘என்னமும்னா கதவத் தட்டு. எங்க வீட்டுக்காரரு கொறட்டைல எனக்கும் தூக்கம் கெடையாது.’ போய்விட்டாள். இப்போது சொல்லியிருக்கலாம். கனியக்கா நாலு பெற்றவள். ஆனால் எப்படித் தொடங்குவது? குழம்பு நல்ல வாசனை அக்கா, எனக்கு என் பிள்ளையைக் கண்டு பயமில்லை அக்கா, என் கையைக் கண்டுதான். சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அம்மாவுக்குப் போன் போகும், மாமியாருக்குப் போகும், மந்திரித்த எண்ணெய் வரும், பிள்ளையை வாங்கி வேறொருத்தி மடியில் வைப்பார்கள். பால் குடிக்க மட்டும் கொண்டுவந்து தருவார்கள், பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள், அவள் கையையே பார்த்துக்கொண்டு.

ஒன்பது மணிக்கு டெரன்ஸின் போன். கிரேன் கேபினுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கீழே இறங்குகிற இடைவேளையில்தான் பேசுவான், பின்னால் கப்பலின் ஜெனரேட்டர் உறுமும். ‘என்னளா பண்ணுத? லிஸ்ட் எழுதியாச்சா? காப்பி அடிக்கப்படாது.’ ஒங்க லிஸ்ட்ல காப்பி அடிக்க என்ன இருக்கு, பத்துல ஏழு சண்டப் படம், என்றாள். வாய் தானாகப் பேசியது, பழக்கம். ‘அதுல நாலுல தங்கச்சி செத்துப்போவா, அழுக வரும்ளா.’ அவன் சிரித்தான், பிறகு குரலை மாற்றினான். ‘ஒன்னு சொல்லுதேன், கோவப்படாத. ராத்திரி ஷிப்டுக்கு வர வேண்டியவன் வரல, அவன் மாமனாருக்கு நெஞ்சுவலியாம். காலைல ஆறு வரைக்கும் என்னையே ஓட்டச் சொல்லுதாவ.’ பத்தரை என்பது ஒரு கரை மாதிரி இருந்தது, இன்னும் ஒன்றரை மணி நேரம் என்று கைவீசி நீந்திக்கொண்டிருந்தாள், இப்போது கரையை எட்டு மணி நேரம் தள்ளி வைத்துவிட்டார்கள். ‘கோவமா? இரு, இன்னொன்னு சொன்னா கோவம் போயிரும். சொல்லக் கூடாதுன்னுதான் வச்சிருந்தேன். ஒன் மாடிப் படம் கெடச்சிருச்சி. மதுரக்காரர் ஒருத்தர் பழைய படமா சேத்து வச்சிருக்காரு, நீ சொன்ன கதைய வச்சே கண்டுபிடிச்சாரு, ஆறு மாசமா கெஞ்சி பென்டிரைவ்ல வாங்கிட்டேன். காலைல வந்ததும் மூணு பேருமா ஒக்காந்து பாப்போம். பாப்பாவுக்கு மொதப் படம்.’ ம், என்றாள். ‘என்ன ம்? நெஞ்சு அடைச்சிருச்சா?’ ஆமா, என்றாள், அது உண்மையாக இருந்தது. அவன் சந்தோஷமாகப் போனை வைத்தான்.

விடியும்வரை தனியாக, அதற்குப் பிறகு சுவரும் கையும் இந்த அறைக்குள்ளேயே, டிவி அளவுக்குப் பெரிதாக, பக்கத்தில் பிள்ளை, பக்கத்தில் டெரன்ஸ் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவள் எப்போது அழுவாள் என்று ஆசையாகக் காத்துக்கொண்டு. முடியாது. நோட்டை எடுத்தாள். ஒன்று. லாரிப் படம், என்று எழுதினாள். இரண்டை அடித்தாள். ஆக மாடிப் படம் போயிற்று, பத்துக்குள் எங்குமே இல்லை. இனி இடது ஓரம். ரொம்ப மெதுவாகப் போகிறது, என்று மனசுக்குள் எழுதிப் பார்த்தாள். மூணு வருசமா வேகமாத்தான் போச்சோ, என்பான். பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. பதின்மூன்று வயசில் ஒரே ஒரு தடவை பார்த்ததை? கறுப்பு வெள்ளை பிடிக்கவில்லை. கதாநாயகியின் மூக்கு பிடிக்கவில்லை. ஆறு மாதம் ஒருவரிடம் கெஞ்சி வாங்கி வந்தவனிடம் கதாநாயகியின் மூக்கு. ஒவ்வொரு பொய்யும் அடுத்த கேள்வியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்றது. மேலே மூடி இழுத்து, நின்று, டங். ஜோவிட்டா விழித்துக்கொண்டு அவளையே பார்த்தாள், அழாமல், புருவத்தைச் சுருக்கி, இந்த அம்மா யார் என்பது மாதிரி. பாப்பா, என்றாள் ஜெசிந்தா, நான் ஒன்னும் செய்ய மாட்டேன். சொன்ன பிறகுதான் எழுபத்து நான்கு நாள் பிள்ளையிடம் எந்தத் தாயும் இப்படிச் சொல்ல வேண்டியிருக்காது என்று உறைத்தது, உறைத்த இடத்திலிருந்து அழுகை வந்தது, அழுகையோடேயே, கோட்டுக்கு இடது பக்கம், இரண்டு அங்குல அகலத்தில், கான்வென்ட்டில் காப்பி நோட்டு எழுதுகிற உருட்டு எழுத்தில், வரிக்கு இரண்டு சொல்லாக எழுதத் தொடங்கினாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனால் கையை விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. விடவேண்டும் என்று ஆசை இல்லை. ஆனால் நினைப்பு வருகிறது. பதினோரு நாளாக. அந்தப் படத்தை இனி என்னால் பார்க்க முடியாது. முற்றுப்புள்ளி வைத்தாள். ஓரம் பத்தவில்லை, கடைசி வரி ஏழாம் படத்துக்குப் பக்கத்தில் போய் முடிந்தது. போனை எடுத்துப் பக்கத்தைப் படம் பிடித்து, யோசிக்க நேரம் கொடுக்காமல், டெரன்ஸுக்கு அனுப்பினாள்.

அப்புறம்தான் யோசனை வந்தது. ஒரு டிக். அவன் மேலே இருக்கிறான், போன் லாக்கரில் அணைந்து கிடக்கிறது. இன்னும் அழித்துவிடலாம். விரலை வைத்து அழுத்தினால் எல்லோருக்கும் அழித்துவிடவா என்று அதுவே கேட்கும். விரலை வைத்தாள், எடுத்தாள். அவன் படித்துவிட்டு கேபினுக்குள் ஏறினால்? நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணில் தண்ணீரோடு. அல்லது படித்துவிட்டு நேராக அவன் அம்மாவுக்கு. அல்லது படித்துவிட்டு அவளைப் பார்க்கிற கண் மாறிப்போய்விட்டால், இனி என்றைக்கும் அவள் பிள்ளையைத் தூக்கும்போது அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தால். மறுபடி விரலை வைத்தாள். பிள்ளை சிணுங்கியது, இடது பக்கம் மாற்றிப் பால் கொடுத்தாள், கொடுத்து முடித்துத் தோளில் போட்டுத் தட்டினாள், ஏப்பம் வந்தது, துணி மாற்றினாள். இத்தனையும் அதே கைகள்தான் செய்தன. ஊக்கு குத்தாமல், தலை தொய்யாமல். திரும்பி வந்து பார்த்தபோது இரண்டு டிக். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டும் நீலமாயின. போன் கையிலேயே அதிர்ந்தது.

‘ஜெசி.’ ஜெனரேட்டர் உறுமியது. ‘பாப்பா எங்க?’

அதைத்தான் முதலில் கேட்டான். அவள் எதிர்பார்த்திருந்த அதே கேள்வி. ‘மடில’ என்றாள்.

‘நீ எங்க இருக்க?’

‘கட்டில்ல.’

‘சாப்டியா?’

‘இல்ல. கனியக்கா கொழம்பு குடுத்தாங்க.’

யாரோ அவனைக் கூப்பிடுவதும், அவன் ‘அஞ்சு நிமிசம் அண்ணாச்சி’ என்பதும் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தினான். ‘ஒன்னு சொல்லுதேன். இது யாருக்கும் தெரியாது, சேப்டி ஆபீசருக்குத் தெரிஞ்சா என்னய எறக்கி விட்ருவான். நாப்பதடி கன்டெய்னர்ப் பெட்டியத் தூக்கி ஆகாசத்துல நிறுத்தியிருப்பேன். கீழ டிரெய்லர்காரன் தலைய வெளிய நீட்டிக்கிட்டு நிப்பான். இப்ப விட்டா என்ன ஆகும்னு வரும்ளா. சும்மா வரும். அவன் யாருன்னே எனக்குத் தெரியாது.’

‘எப்பயிருந்து?’

‘ஆறு வருசமா. தெனம்னு சொல்ல மாட்டேன். வாரத்துக்கு ரெண்டு தடவ.’

‘விட்டிருக்கீங்களா?’

‘விட்டிருந்தா பாளையங்கோட்ட ஜெயில்லதான் நீ என்னய மாப்பிள்ள பாக்க வந்திருக்கணும்.’

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் மூச்சு ஒரு தடவை அடிவரைக்கும் போய் வந்தது. ‘அப்ப என்ன செய்வீங்க?’

‘என்ன செய்ய. பெட்டிய நாலு மூலைலயும் பூட்டு பிடிச்சிருக்கும். பிடிச்சிருந்தா கேபின்ல பச்சை லைட்டு எரியும். அத ஒருக்கா கூடுதலா பாத்துக்குவேன். பாத்துட்டு மெதுவா எறக்குவேன்.’

‘அப்படிப் பாக்கதுக்கு அசிங்கமா இருக்காதா? நம்ம மேலயே நம்பிக்க இல்லாத மாதிரி.’

‘லைட்டு எதுக்குளா வச்சிருக்கான்? பாக்கதுக்குத்தான். நெனப்பு வராதவனும் பாக்கணும், வர்றவனும் பாக்கணும்.’ சற்று நிறுத்தி, ‘நாளைக்கு டாக்டரம்மாகிட்ட ரெண்டு பேருமா போவோம். இது எதனாலன்னு கேப்போம்’ என்றான்.

‘நா பைத்தியமா?’

‘அதயும் கேட்டுக்கிடுவோம். எனக்குஞ் சேத்து.’ பிறகு, ‘கனியக்காவக் கூப்புட்டுப் படுக்கச் சொல்லு. என்ன சொல்லன்னு யோசிக்காத, தனியா இருக்க பயமா இருக்குன்னு சொல்லு. அது பொய்யில்லல்லா. படத்த அந்த மதுரக்காரருக்கே திருப்பிக் குடுத்துருவேன். நான் ஏறணும்ளா. வைக்கட்டா?’

வைங்க, என்றாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் எதிர்க் கதவைத் தட்டினாள். கனியக்கா உடனே திறந்தாள், காத்துக்கொண்டிருந்தவள் மாதிரி. தனியா இருக்க பயமா இருக்கு அக்கா, அவுகளுக்கு காலைலதான் ஷிப்ட் முடியும். ‘இதுக்குத்தானா அம்புட்டு ரோசிச்ச? தலகாணிய எடுத்துட்டு வாரேன். பிள்ளையக் குடு, நான் வச்சிருக்கேன்’ என்று கையை நீட்டினாள். ஜெசிந்தாவின் கை பிள்ளையைக் கொடுக்கக் கொஞ்சம் முன்னே போனது. கொடுத்துவிட்டால் சுலபம். ‘இல்லக்கா, என்கிட்டயே இருக்கட்டும். நீங்க வாங்க.’ வாசல் கதவை விரியத் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே வந்தாள். பால்கனிக் கதவு காற்றில் சட்டத்தோடு மெல்ல மெல்ல இடித்துக்கொண்டிருந்தது. பிள்ளையை இடது தோளுக்கு மாற்றினாள், கழுத்துக்குப் பின்னால் விரல்களை விரித்துப் பிடித்தாள். காலடிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கி நான்கில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. கையை எடுத்தால், என்று வந்தது. வரட்டும். கதவு இடுக்கு வழியாக உப்புக் காற்று முகத்தில் அடித்தது, பிள்ளை அதைக் குடிக்கப் பார்ப்பதுபோல் வாயைத் திறந்து மூடியது. வலது தோளால் கதவை நெருக்கித் தள்ளி, குதிகாலை உயர்த்தி, மேல் தாழ்ப்பாளைப் பிடித்தாள். உப்பில் துருவேறி அசைய மறுத்தது. ஆட்டினாள், இன்னொரு முறை ஆட்டினாள், பல்லைக் கடித்துக்கொண்டு மேலே தள்ளினாள். துளைக்குள் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்ததா என்று ஒரு தடவை கூடுதலாக இழுத்துப் பார்த்தாள்.